பழைய ஆங்கிலச் சொல் ஒன்றின் மூலத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி: வட ஆற்காட்டு ஆவணங்களை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஆங்கில ஆவணங்களைத் திறந்தால், நன்றாக ஆங்கிலம் படித்தவரையே நிறுத்திவிடும் சொற்கள் வரும். நிலப் பதிவேட்டில் 'டோப் புறம்போக்கு' என்று இருக்கும். கணக்கில் 'கேஷ்' என்று ஒரு பத்தி இருக்கும், ஆனால் அது பணம் என்ற பொருளில் இருக்காது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலக் கடிதத்தில் 'கானிகோபொலி' என்று ஒருவர் வருவார். இன்றைய கையடக்க அகராதியில் இவற்றைத் தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது, கிடைத்தாலும் தவறானது கிடைக்கும்.

கல்லூரி ஆய்வேட்டுக்காக வரும் மாணவர்களும், குடும்பத்துப் பழைய பத்திரத்தோடு வருபவர்களும் இந்தத் தேடலில் இடறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். சொல்லைப் பார்த்ததும் ஒரு தமிழ்ச் சொல் காதில் ஒலிக்கிறது. உடனே 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று நின்றுவிடுகிறார்கள். அந்த ஊகம் பல முறை சரியாகவே இருக்கும், ஆனால் அது சரி என்று காட்ட அவர்களிடம் எதுவும் இருக்காது. கீழே உள்ள வரிசையில் ஒலி ஒற்றுமையை ஒன்பதாவது படியில்தான் வைத்திருக்கிறேன். ஏன் அவ்வளவு பின்னால் என்பது போகப் போகப் புரியும்.

வழி முழுக்க ஒரே சொல்லை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: டோப். கயிற்றைக் குறிக்கும் 'ரோப்' என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்தை எடுத்துவிட்டு, டெலிபோனில் வரும் டீயைப் போட்டால் கிடைக்கும் நான்கெழுத்துச் சொல் அது.

1. முதலில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

சொல் இருக்கும் பக்கத்தின் முழுப் புகைப்படம் வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தால் போதாது. நூலாக இருந்தால் தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பதிப்பாண்டு அங்கேதான் இருக்கும், பின்னால் அது இல்லாமல் தவிப்பீர்கள்.

ஒரு தாளில் ஆறு பத்தி போடுங்கள்: ஆண்டு, எழுத்துக்கோவை, முழு வாக்கியம், ஊர், எழுதியவர், நீங்கள் அதைப் பார்த்த இடம். எல்லாவற்றையும் இந்தத் தாளில்தான் சேர்க்கப் போகிறோம்.

நூல்களில் முதலாவது பெரிய ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள் கொண்டது. இணையப் பதிப்புக்குச் சந்தா வேண்டும், அதனால் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள். அடுத்தது ஹாப்சன்-ஜாப்சன். ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இது, 1903-ல் வில்லியம் குரூக் அதை விரித்துப் பதிப்பித்தார். நில வருவாய், நீதிமன்றச் சொற்களுக்கு எச். எச். வில்சன் 1855-ல் வெளியிட்ட சொற்களஞ்சியம் இருக்கிறது. சென்னை மாகாணத்துக்கென்றே சி. டி. மக்லீன் தொகுத்த நிர்வாக மேனுவலின் மூன்றாம் தொகுதி (1893) முழுக்கச் சொல் விளக்கம்தான். தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், அப்புறம் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984-ஆம் ஆண்டுப் பதிப்பு.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஹாப்சன்-ஜாப்சன், தமிழ் லெக்சிகன், பரோ-எமனோ மூன்றும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய டிஜிட்டல் அகராதிகள் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. வில்சனையும் மக்லீனையும் இன்டர்நெட் ஆர்க்கைவில் படமாகவே பார்க்கலாம்.

2. வாக்கியத்தை உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள்

சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு வருபவர்கள் அதிகம். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களோடு சேர்த்து எழுதுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, விட்டுப்போன எழுத்து எதையும் திருத்தாதீர்கள். இன்று பிழையாகத் தெரிவது அன்று வழக்கில் இருந்த எழுத்துக்கோவையாக இருக்கலாம், அடுத்த தேடலுக்கு அதுவே சாவியாகவும் இருக்கலாம்.

3. அகராதியைத் திறப்பதற்கு முன் பொருளை நீங்களே ஊகியுங்கள்

அகராதியை முதலில் பார்த்துவிட்டால் அது சொல்லும் பொருளைத்தான் வாக்கியத்தில் காண்பீர்கள். அதனால் இந்தப் படி முன்னால் வருகிறது.

ஒரு நல்ல பயிற்சி சொல்கிறேன். 1799-ல் வேலூரில் திரண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போன ஆங்கிலப் படையில், பின்னாளில் வெல்லிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி இருந்தார். அந்த ஆண்டு அவர் எழுதிய ஒரு கடிதக் குறிப்பை ஹாப்சன்-ஜாப்சன் எடுத்துக் காட்டுகிறது. அதன் சாரம் இது: வரும் வழியில் டோப்பைப் பார்த்தேன், ஓடையின் கரை நம் கைக்கு வந்துவிட்டால் டோப்பும் நம்முடையதுதான், ஏனென்றால் அந்தக் கரை டோப்பின் பின்பக்கம் இருக்கிறது.

இதில் டோப் என்ன? மாணவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் மரங்கள் அடர்ந்த இடம் என்பார்கள், பாதிப் பேர் பீரங்கி என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தும். பீரங்கி வரிசைக்கும் பின்பக்கம் உண்டே! விடை அடுத்து நடந்ததில் கிடைக்கிறது. அன்று இரவு வெல்லெஸ்லியின் ஆட்கள் அந்த டோப்புக்குள் நுழைந்து, இருட்டில் திசை தெரியாமல் சிதறிப்போனார்கள். பீரங்கிக்குள் யாரும் நுழைந்து வழி தவற முடியாது. ஆக, இது மரங்கள் நிற்கும் இடம். இந்த முடிவுக்கு வர எந்த அகராதியும் தேவைப்படவில்லை, கொஞ்சம் கூடுதலாகப் படித்தது போதுமானது.

ஊகித்த பொருளை ஒரு வரியில் எழுதி வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

4. ஒரே எழுத்துக்கோவையில் ஒளிந்திருக்கும் வேறு வேறு சொற்களைப் பிரியுங்கள்

தேடலில் நேரத்தை அதிகம் தின்பதும் இதுதான், அதிகம் தப்பு நடப்பதும் இங்கேதான்.

ஆங்கிலத்தில் டோப் என்ற அதே நான்கு எழுத்துக்குள் குறைந்தது நான்கு சொற்கள் இருக்கின்றன. ஒன்று, ஐரோப்பியக் கடலில் கிடைக்கும் ஒரு சிறிய சுறா. இரண்டு, அளவில்லாமல் மது குடிப்பதைக் குறிக்கும் வினைச்சொல். மூன்று, பௌத்த ஸ்தூபி. சமஸ்கிருத ஸ்தூபம் வட இந்திய மொழிகள் வழியாக இந்த வடிவத்தில் ஆங்கிலத்துக்குப் போனது. நான்கு, நம் ஆவணங்களில் வரும் மரத்தொகுதி. இந்த நான்குக்கும் ஒன்றோடொன்று உறவே இல்லை. எழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல்.

இது போதாதென்று, பீரங்கிக்குத் துருக்கி, பாரசீக வழியாக இந்துஸ்தானிக்கு வந்த சொல்லும் 'தோப்' தான். அதையும் சில ஆங்கில நூல்கள் இப்படியே எழுதியிருக்கின்றன. யூல் தன் பதிவில் பீரங்கி, மரத்தொகுதி, ஸ்தூபி மூன்றையும் அ, ஆ, இ என்று பிரித்துக் காட்டிவிட்டுத்தான் பேசவே தொடங்குகிறார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது வெறும் புத்தகச் சிக்கல் இல்லை. ஆற்காட்டில் தோப்புக்கானா என்று ஒரு பகுதி இருக்கிறது. கேட்டதும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு என்றுதான் மனம் போகும். ஆனால் பின்னால் 'கானா' இருக்கிறது. தோப்கானா என்றால் பாரசீகத்தில் பீரங்கிச் சாலை. நவாபின் தலைநகரமாக இருந்த ஊரில் அப்படி ஒரு பெயர் வருவதில் வியப்பு ஒன்றும் இல்லை. ராணிப்பேட்டை மாவட்டத்துக் காவேரிப்பாக்கத்தில் 1752 பிப்ரவரியில் கிளைவின் படையை எதிர்த்த பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பீரங்கிகளை ஒரு மாந்தோப்புக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சண்டையைப் பற்றிய குறிப்பில் தோப் என்று ஒரு சொல் வந்தால், முன்பின் வாக்கியங்களைப் படிக்காமல் எது தோப்பு, எது பீரங்கி என்று யாராலும் சொல்ல முடியாது.

'கேஷ்' இன்னொரு கண்ணி. இன்று பணம் என்ற பொருளில் வழங்கும் கேஷ், பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பழைய சென்னைக் கணக்குகளில் வரும் கேஷ் ஒரு சின்னக் காசு. தமிழ்க் காசு போர்ச்சுகீசியர் வாயில் 'கைஷா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு. 1818 வரை சென்னைக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆங்கிலத்தில் இவற்றைப் பகோடா, ஃபனம், கேஷ் என்று மூன்று பத்தியாக எழுதுவார்கள். கடைசிப் பத்தியில் எந்த எண்ணும் 79-ஐத் தாண்டாமல், நடுப்பத்தி 41-ஐத் தாண்டாமல் இருந்தால் அது காசுதான்.

5. எல்லா எழுத்துக்கோவைகளையும் சேகரியுங்கள்

கம்பெனி எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். ஒரே ஆள் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதுவதும் உண்டு. ஒரு வடிவத்தை மட்டும் வைத்துத் தேடினால் சான்றுகளில் பெரும்பகுதி கண்ணில் படாமலே போகும்.

கானிகோபொலியைப் பாருங்கள். 1544-ல் பிரான்சிஸ் சேவியரின் லத்தீன் கடிதத்தில் 'கொனகாபுலா' என்பது போன்ற வடிவம். 1672-ல் டச்சுப் பாதிரியார் பால்டேயஸின் நூலில் 'கனகாப்பெல்'. 1680 செப்டம்பரில் சென்னை நகர எல்லையைச் சுற்றி நடந்து குறித்ததைப் பதிவு செய்த ஜார்ஜ் கோட்டை ஆவணத்தில் 'கேன்காப்ளி'. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்கப்பிள்ளை தானாகவே எழுந்து வருகிறார். கடைசி வடிவத்தை மட்டும் பார்த்தவருக்கு அது தோன்றவே தோன்றாது.

கணினியில் தேடும்போது இரண்டு தொல்லைகள். முதலாவது, 1800-க்கு முந்தைய அச்சில் 'எஸ்' எழுத்து, சொல்லின் முதலிலும் நடுவிலும் 'எஃப்' போலவே நீண்டிருக்கும். ஸ்கேன் செய்த இயந்திரம் அதை எஃப் என்றே படித்து வைத்திருக்கும். சிப்பாய் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எஃப்பில் தொடங்கியும் தேடிப் பாருங்கள், எத்தனை பக்கங்கள் புதிதாக வருகின்றன என்று தெரியும்.

இரண்டாவது, டோப் போன்ற குட்டிச் சொல்லைத் தேடினால் ஹோப், ரோப், போப் எல்லாம் தவறாகப் படிக்கப்பட்டு வந்து குவியும். அதனால் துணைச் சொல்லோடு தேடுங்கள்: மாமரத்தின் ஆங்கிலப் பெயரோடு, புளியமரத்தோடு, பனையோடு. தேங்காய்க்கு அந்தக் காலத்தில் 'கோகோ நட்' என்று ஓர் எழுத்துக் கூடுதலாகப் போட்டு எழுதுவார்கள், அந்த வடிவத்தையும் விடாதீர்கள்.

6. அகராதிகளை இந்த வரிசையில் பாருங்கள்

முதலில் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு. அது ஒவ்வொரு பொருளுக்கும் சான்று வாக்கியங்களை ஆண்டு வரிசையில் தருகிறது. நமக்கு அங்கே சொற்பிறப்புக் குறிப்பை விட அந்த ஆண்டு வரிசைதான் முக்கியம். பதிவு அண்மையில் திருத்தப்பட்டதா, பழைய பதிப்பில் இருந்தபடியே இருக்கிறதா என்று இணையப் பக்கத்தில் போட்டிருக்கும். அதைக் கட்டாயம் பாருங்கள். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்த முதல் பதிப்பின் குறிப்பு அப்படியே நிற்கும் பதிவுகளும் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களிடம் தமிழ் லெக்சிகனோ பரோ-எமனோவோ இருந்ததில்லை.

இரண்டாவது ஹாப்சன்-ஜாப்சன். இதில் சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது 1903-ல் குரூக் சேர்த்தது, மற்றது யூலும் பர்னெலும் எழுதியது. யூல் சில சான்றுகளுக்கு நூல் அச்சான ஆண்டைப் போடாமல், நிகழ்ச்சி நடந்த ஆண்டைப் போடுவார். அடுத்த படியில் இது பெரிதாக உதைக்கும்.

மூன்றாவது வில்சனும் மக்லீனும். நிலம், வரி, நீதிமன்றம் சம்பந்தமான சொல்லாக இருந்தால் மட்டும் போதும்.

கடைசியில்தான் தமிழ் லெக்சிகனும் பரோ-எமனோவும். லெக்சிகனில் சதுர அடைப்புக்குறிக்குள் தெலுங்கு, கன்னடம், மலையாளம் போன்ற உறவு மொழிகளின் வடிவங்கள் இருக்கும். அம்பு முனை போன்ற குறிக்குப் பின்னால் வருவது, தமிழே வேறு மொழியிலிருந்து வாங்கிய சொல் என்பதைக் காட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு உறவுச் சொல்லை மூலச் சொல் என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஏன் தமிழ் அகராதி கடைசியில்? முதலில் அதைத் திறந்தால் ஆங்கிலச் சொல்லுக்கு ஒலியில் கிட்ட வரும் ஏதாவது ஒன்று எப்போதும் கிடைக்கும். அவ்வளவு பெரிய அகராதி அது. இணையத் தேடலும் இப்படித்தான். ஆங்கிலச் சொல்லோடு 'தமிழ் மூலம்' என்று சேர்த்துத் தேடினால், தமிழ் மூலம் என்று சொல்லும் பக்கங்கள்தான் வரும். கேள்விக்குள்ளேயே விடையை வைத்துவிட்டுத் தேடினால் வேறு எது வரும்?

சொல் இந்தியாவோடு தொடர்பே இல்லாததாக ஆக்ஸ்ஃபோர்டில் தெரிந்தால் இரண்டு முதல் நான்கு வரையிலான அகராதிகளை விட்டுவிட்டு, அது காட்டும் பிரெஞ்சு, லத்தீன், கிரேக்க வழியிலேயே போங்கள். மற்ற படிகள் மாறாது.

7. மிகப் பழைய சான்றை அது வந்த நூலிலேயே பாருங்கள்

அகராதியில் உள்ள மேற்கோள் ஒரு துண்டுதான். டோப்புக்கு யூல் தரும் பழைய சான்று ஜான் ஃபிரையர் என்ற கம்பெனி மருத்துவருடையது. 1673 என்று ஆண்டு போட்டிருக்கிறார். வாழை, தென்னை, கொய்யா மரங்களின் இனிய 'டாப்கள்' செழித்திருப்பதாக அந்த வரி சொல்கிறது. ஆனால் ஃபிரையரின் பயண நூல் லண்டனில் அச்சானது 1698-ல். 1673 அவர் சோழமண்டலக் கரையில் இருந்த ஆண்டு. உங்கள் தாளில் இரண்டு ஆண்டையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் 1680-ல் எழுதப்பட்ட ஓர் அலுவலக ஆவணம் கிடைக்கும்போது எது முந்தையது என்று தவறாகச் சொல்லிவிடுவீர்கள்.

நூலையே திறந்து பார்ப்பதில் இன்னொரு பலன் உண்டு. ஃபிரையரின் எழுத்துக்கோவை, மரத்தின் உச்சியைக் குறிக்கும் சாதாரண ஆங்கிலச் சொல் மாதிரியே இருக்கிறது. துண்டு மேற்கோளில் அப்படியும் படித்துவிடலாம். அடுத்த பக்கத்தில், மணற்பாங்கான நாடு என்றாலும் எங்கும் மரங்களின் 'டாப்' இருக்கிறது என்று மறுபடி எழுதுகிறார். உச்சி இல்லாத மரம் எது? அப்படி ஒன்றை யாரும் சிறப்பாகக் குறிப்பிட மாட்டார்கள். மரத்தொகுதி என்று எடுத்தால்தான் அந்த வரிக்கு அர்த்தம் இருக்கிறது.

கூகுள் புக்ஸ் காட்டும் ஆண்டை நம்பாதீர்கள். பல தொகுதிகளாக வந்த இதழ்களில் முதல் தொகுதியின் ஆண்டையே எல்லாத் தொகுதிக்கும் போட்டிருப்பது சகஜம். தலைப்புப் பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகே தாளில் ஏற்றுங்கள். ஜார்ஜ் கோட்டை ஆலோசனைக் குறிப்புகள் அச்சுத் தொகுதிகளாகவே வந்திருக்கின்றன, மாவட்ட ஆவணங்களின் மூலத்துக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம்.

அப்புறம் ஒன்று: மிகப் பழைய சான்று என்பது கிடைத்தவற்றில் பழையது, அவ்வளவுதான். சொல் பிறந்த நாள் அது இல்லை. பேச்சில் அதற்கு முன்பே வழங்கியிருக்கும்.

8. யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போனது என்று பாருங்கள்

நிலம் வாங்கும்போது விற்பவர் பெயரை மட்டும் பார்க்க மாட்டோம், தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றமும் அறுபடாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்போம். சொல்லுக்கும் அதே விசாரணைதான். எந்த ஊரில், எந்த மொழி பேசியவரிடமிருந்து, யார் கேட்டார், நடுவில் வேறு மொழி இருந்ததா?

டோப்புக்கு இந்தக் கேள்வி அழகாக வேலை செய்கிறது. இந்தியா முழுக்க ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லை வழங்கினார்கள், ஆனால் வட இந்தியர்களுக்கு அது தெரியவே தெரியாது என்று யூல் எழுதுகிறார். ஆக, தெற்கே கற்றுக்கொண்டு வடக்கே கொண்டுபோயிருக்கிறார்கள். தெற்கில் தமிழில் தோப்பு, தெலுங்கில் அதே சொல் ஒற்றைப் பகரத்தோடு இருக்கிறது. ஆங்கிலேயர் தெலுங்கு நாட்டு மசூலிப்பட்டினத்திலும் இருந்தார்கள், சென்னையிலும் இருந்தார்கள். அதனால் 'தமிழிலிருந்து மட்டும்தான்' என்று அடித்துச் சொல்ல இந்தச் சான்றுகள் போதாது, 'தமிழ் அல்லது தெலுங்கு' என்பதுதான் நேர்மையான விடை. வட ஆற்காட்டில் இரண்டு மொழியும் ஒரே தெருவில் கேட்கும். நம்மைப் போன்றவர்களுக்கு இந்த விடையில் சங்கடப்பட எதுவும் இல்லை.

பாரசீகத்தை மறந்துவிடாதீர்கள். தாலுகா அலுவலகத்தில் இன்றும் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது, நீதிமன்றத்தில் சிரஸ்தார் இருக்கிறார். இவை நமக்கு அன்றாடத் தமிழ்தான். ஆனால் நவாபின் அலுவல் மொழியான பாரசீகத்திலிருந்து தமிழும் ஆங்கிலமும் தனித்தனியாக எடுத்துக்கொண்ட சொற்கள் இவை. தமிழில் ஒரு சொல் இருப்பதாலேயே ஆங்கிலத்துக்குத் தமிழ்தான் கொடுத்தது என்று ஆகாது.

9. இப்போது ஒலியைச் சோதியுங்கள்

ஒலி மாற்றம் ஒரு முறையில் நடந்திருக்க வேண்டும். அதே காலத்தில், அதே மொழியிலிருந்து போன வேறு இரண்டு மூன்று சொற்களிலும் அந்த மாற்றம் தெரிகிறதா என்று பாருங்கள்.

தோப்பு டோப் ஆனதில் கடைசி உகரம் போய்விட்டது. சுருட்டு ஆங்கிலத்தில் 'ஷெரூட்' ஆனபோதும் அதே உகரம் போனது. நம் குற்றியலுகரம் அவர்கள் காதில் தனி உயிராக விழவில்லை என்பது இரண்டிலும் தெரிகிறது. நம் 'தோ' அவர்களிடம் 'டோ' ஆனதற்குக் காரணம் ஆங்கிலத்தில் பல்லைத் தொட்டு ஒலிக்கும் தகரம் இல்லாததுதான். நெடில் ஓகாரத்தைக் காட்டக் கடைசியில் ஒலிக்காத ஓர் 'ஈ' எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாம் கணக்காகப் பொருந்துகிறது.

பொருளையும் சேர்த்துச் சோதியுங்கள். தோப்புக்கும் தோட்டத்துக்கும் நாம் வைத்திருக்கும் வேறுபாடு ஆங்கில டோப்பிலும் தெரிகிறதா? சான்றுகளில் மா, புளி, பனை, தென்னைதான் வருகின்றன. கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் யாரும் டோப் என்று எழுதவில்லை. இப்படிப் பொருளின் எல்லையும் ஒத்துப்போனால் உங்கள் முடிவு உறுதியாகிறது.

10. உங்கள் முடிவை நீங்களே உடைத்துப் பாருங்கள்

அனகோண்டா பாம்பின் பெயர் 'ஆனைக்கொன்ற' என்ற தமிழிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. ஒலி பொருந்துகிறது, பொருளும் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் எட்டாவது படியின் கேள்வியைக் கேளுங்கள். பாம்பு தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, பெயரோ இலங்கையிலிருந்து போனது. 1693-ல் ஜான் ரே என்ற இயற்கை அறிஞர் லெய்டன் அருங்காட்சியகத்துப் பாம்புகளின் பட்டியலில் இதைப் பதிந்தார். சிங்களத்தில் 'ஹெனகந்தயா' என்று ஒரு பாம்பின் பெயரே இருக்கிறது. இன்றைய அகராதிகள் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன. தமிழ் விளக்கத்தில் நாம் ஒரு கதையைக் கேட்டு மகிழ்கிறோம். சிங்கள விளக்கத்தில் ஒரு பாம்பின் உண்மையான பெயர் கையில் இருக்கிறது.

ஒவ்வொரு முடிவுக்கும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். வேறு மொழியில் இதைவிட நேரான சொல் இருக்கிறதா? அந்த ஊரில் அந்தக் காலத்தில் அந்த மொழி பேசப்பட்டதா? பொருள் மாறியிருந்தால் மாறிய இடம் தெரிகிறதா? கணக்கப்பிள்ளை சேவியரின் கடிதத்தில் ஜெபங்களை எழுதிக் கொடுக்கும் ஆளாக வருகிறார், பால்டேயஸிடம் ஆசிரியராகவே ஆகிவிடுகிறார். எழுதத் தெரிந்தவர் அவர்தான் என்பதால் அந்த மாற்றம் புரிகிறது. இப்படிக் காரணம் சொல்ல முடியாத பொருள் மாற்றம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

11. முடிவை எழுதும் விதம்

மூன்று நிலைகள் போதும்: உறுதி, பெரும்பாலும், தெளிவில்லை. மூன்றாவதை எழுதக் கூசாதீர்கள். தென்னிந்திய ஆங்கிலத்தில் அஞ்சலுக்கு வழங்கிய 'டப்பால்' நம் வீட்டு வாசலுக்கு வந்த தபால்தான். ஆனாலும் அதன் மூலம் தெளிவில்லை என்றே யூல் எழுதினார். தெலுங்கு அறிஞர் சி. பி. பிரவுன் ஒரு பிரெஞ்சுச் சொல்லைக் காட்டியதையும் குறித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எழுதும்போது பழைய சான்றிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். ஆண்டு, ஊர், எழுதியவர், எழுத்துக்கோவை, பொருள், அப்புறம் மூலம். டோப்புக்கு இப்படி வரும்: ஃபிரையர், 1673-ஆம் ஆண்டு அனுபவம், 1698-ல் அச்சு, மரத்தொகுதி என்ற பொருள், தமிழ் தோப்பு அல்லது தெலுங்கு இணைச்சொல், தென்னிந்தியா வழியாக என்பது உறுதி, இரண்டு மொழியில் எது என்பது தெளிவில்லை.

அகராதியில் உள்ளதைவிடப் பழைய சான்று உங்களிடம் கிடைத்துவிட்டால் அதைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி தொடக்கத்திலிருந்தே வாசகர்கள் அனுப்பும் சான்றுகளை வாங்கித்தான் வளர்ந்தது, இன்றும் பொதுமக்களிடமிருந்து வாங்குகிறது. முழு வாக்கியம், தலைப்புப் பக்கத்தின் படம், பக்க எண் மூன்றும் வேண்டும். கையெழுத்து ஆவணமாக இருந்தால் காப்பகத்தின் பெயரையும் கட்டு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.